ஆஸ்கர் பருவத்தில் பழைய ஹாலிவுட் படங்களைப் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் இறுதியில் வெனிஸ் திரைப்பட விழா தொடங்கியவுடனேயே அடுத்த ஆஸ்கர் யாருக்கு என்ற பேச்சும் தொடங்கிவிடுகிறது. அதைத் தொடர்ந்து டெல்யூரைடு, டொராண்டோ, நியூயார்க் விழாக்கள் நடைபெறுகின்றன. டிசம்பரில் விமர்சகர் சங்கங்கள் தங்கள் தேர்வுகளை அறிவிக்கின்றன. ஜனவரியில் கோல்டன் குளோப் விருதுகளும், ஆஸ்கரை வழங்கும் அகாடமியின் பரிந்துரைப் பட்டியலும் வருகின்றன. பின்னர் நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர் சங்கங்களின் விருதுகளும் பிரிட்டனின் பாஃப்டாவும் வழங்கப்பட்டு, பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ ஆஸ்கர் விழா நடைபெறுகிறது. இந்த ஆறு மாதங்களுக்கும் மேலான காலத்தில், பேசப்படும் புதிய படங்களில் பெரும்பாலானவற்றை நம் ஊரில் இருப்பவர்கள் உடனே பார்க்க முடிவதில்லை. அவை இங்குள்ள திரையரங்குகளுக்கோ ஓடிடி தளங்களுக்கோ வந்து சேர ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடுகிறது. அதுவரை ஊகக் கட்டுரைகளை மட்டுமே படித்துக் கொண்டிருக்கும் ரசிகர், பார்க்காத படங்களைப் பற்றி நிறையத் தெரிந்தவராக மாறிவிடுகிறார்.

அந்தக் காத்திருப்புக் காலத்தைப் பழைய படங்களுக்கு ஒதுக்குங்கள் என்பதே இக்கட்டுரையின் பரிந்துரை. 1929 முதல் இன்று வரையிலான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல்கள், ஹாலிவுட்டின் செவ்வியல் சினிமாவுக்குள் நுழைய விரும்புபவருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வரைபடம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த வரைபடத்தில் பிழைகள் உண்டு, இடைவெளிகளும் உண்டு. ஆயினும் அது எப்படி வரையப்பட்டது என்பதைத் தெரிந்து கொண்டால், அந்தப் பிழைகளே நம்மை நல்ல படங்களுக்கு அழைத்துச் செல்கின்றன.

முதலில் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொள்ளுதல்

முதல் விருது விழா 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் ஒரு விருந்தாக நடந்தது. விருதுகளை வழங்கி முடிக்கச் சுமார் 15 நிமிடங்களே ஆயின. வெற்றியாளர்களின் பெயர்கள் மூன்று மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்ததால் எதிர்பார்ப்புக்கு அங்கே இடமே இருக்கவில்லை. அந்த ஆண்டில் உச்ச விருது இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தலைசிறந்த படம் என்ற விருது விமானப் போர்க் காட்சிகள் நிறைந்த 'விங்ஸ்' படத்துக்கும், தனித்துவமான கலைப்படைப்பு என்ற விருது எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கிய 'சன்ரைஸ்' படத்துக்கும் வழங்கப்பட்டன. இரண்டாவது வகை அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. பெரும் செலவில் எடுக்கப்பட்டு மக்களை ஈர்த்த படத்தைப் பாராட்டுவதா, கலையில் துணிந்து புதியதைச் செய்த படத்தைப் பாராட்டுவதா என்ற கேள்வி இன்றுவரை ஒவ்வொரு ஜனவரியிலும் திரும்பி வருவதற்கு இதுவே தொடக்கம். பழைய படங்களில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம், இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டும் மௌனப்படங்கள். அமெரிக்காவில் இவற்றின் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது.

பட்டியலைப் படிக்கும்போது மூன்று விவரங்களை நினைவில் வைத்திருக்க வேண்டும். முதலாவது, ஒவ்வொரு துறைக்கான பரிந்துரையையும் அத்துறையைச் சேர்ந்த உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கின்றனர். ஒளிப்பதிவாளர்கள் ஒளிப்பதிவுக்கும், படத்தொகுப்பாளர்கள் படத்தொகுப்புக்கும் பரிந்துரைக்கின்றனர். இறுதிச் சுற்றில் எல்லாத் துறையினரும் எல்லா விருதுகளுக்கும் வாக்களிக்கின்றனர். எனவே ஒரு துறையின் நுட்பத்தை அறிய விரும்புபவருக்கு, வென்ற ஒரு படத்தைவிட, பரிந்துரைக்கப்பட்ட ஐந்து படங்களும் சேர்ந்து அதிகம் கற்றுத் தருகின்றன. இரண்டாவது, ஆண்டு என்பது படம் எடுக்கப்பட்ட ஆண்டைக் குறிப்பதில்லை. லாஸ் ஏஞ்சலீஸ் வட்டாரத்தில் திரையிடப்பட்ட ஆண்டையே நெடுங்காலம் குறித்து வந்தது. 1942 நவம்பரில் நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட 'காஸபிளாங்கா', 1943-ஆம் ஆண்டின் சிறந்த படமானது இதனால்தான். சாப்ளினின் 'லைம்லைட்' 1952-இல் வெளியான படம். அவர்மீது அமெரிக்காவில் அரசியல் எதிர்ப்பு இருந்த காலம் அது என்பதால், லாஸ் ஏஞ்சலீஸில் அது 1972-இல்தான் முறையாகத் திரையிடப்பட்டது. அதன் விளைவாக, இருபது ஆண்டுகள் கழித்து அதன் இசைக்காக சாப்ளினுக்கு ஆஸ்கர் கிடைத்தது. போட்டிப் பிரிவில் அவர் பெற்ற ஒரே ஆஸ்கர் அதுவே. மூன்றாவது, சிறந்த படத்துக்கான பரிந்துரைகளின் எண்ணிக்கை நிலையானதன்று. 1930-களின் பிற்பகுதியிலும் 1940-களின் தொடக்கத்திலும் பத்துப் படங்கள் பரிந்துரைக்கப்பட்டன. 1944-ஆம் ஆண்டின் படங்களிலிருந்து 2008-ஆம் ஆண்டின் படங்கள் வரை ஐந்தே இடம்பெற்றன. 2009-இல் மீண்டும் பத்தாகி, சில ஆண்டுகள் ஏறியும் இறங்கியும் இருந்து, இப்போது பத்தாக நிலைத்துள்ளது. பார்வையாளருக்கு ஐந்து படங்கள் கொண்ட ஆண்டுகளே வசதியானவை. ஒரு மாதத்தில், வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற கணக்கில், அவற்றை நிதானமாகப் பார்த்துவிட முடியும்.

ஓர் ஆண்டைத் தேர்ந்து முழுமையாகப் பார்த்தல்

சிறந்த படம் வென்றவற்றை வரிசையாக, ஆண்டுக்கு ஒன்றாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் பலர். நான் அந்த முறையைப் பரிந்துரைப்பதில்லை. வென்றவை மட்டும் அடங்கிய வரிசையில் ஒவ்வொரு படமும் தன் காலத்திலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்டுத் தனியாக நிற்கிறது. அது எவற்றோடு போட்டியிட்டது, அந்த ஆண்டில் எது புதுமையாகத் தெரிந்தது, எது பழகிப்போனதாகத் தெரிந்தது என்பவை விளங்குவதில்லை. ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு அதன் பட்டியலை அகலவாக்கில் பார்ப்பதே பயனுள்ளது.

எடுத்துக்காட்டாக 1950-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டின் படங்களுக்கான விழா 1951 மார்ச்சில் நடந்தது. சிறந்த படத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டவை 'ஆல் அபவுட் ஈவ்', 'சன்செட் பூலவார்ட்', 'பார்ன் எஸ்டர்டே', 'ஃபாதர் ஆஃப் த பிரைட்', 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' ஆகிய ஐந்தும் ஆகும். இவற்றில் கடைசிப் படத்தை முதலில் பார்த்து முடித்துவிடலாம். ஆப்பிரிக்காவில் படமாக்கப்பட்ட அந்தச் சாகசக் கதை, வண்ண ஒளிப்பதிவுக்காகவும் படத்தொகுப்புக்காகவும் விருது பெற்றது. அந்த இரண்டையும் கவனித்துப் பார்த்தால் போதுமானது. அடுத்து, மகளின் திருமணச் செலவிலும் பிரிவிலும் திணறும் தந்தையாக ஸ்பென்சர் டிரேசி நடித்த 'ஃபாதர் ஆஃப் த பிரைட்' படத்தைப் பார்க்கலாம். நம் வீடுகளில் கல்யாண வேலை பார்த்த எவருக்கும் அது சட்டென்று நெருக்கமாகிவிடும். பிறகு 'பார்ன் எஸ்டர்டே'. அறிவில்லாதவள் என்று எல்லோராலும் ஒதுக்கப்பட்ட ஒரு பெண், படிக்கத் தொடங்கியதும் தன்னை ஆட்டிவைக்கும் பணக்காரனை எதிர்க்கத் துணிவதே அதன் கதை. ஜூடி ஹாலிடே அந்த வேடத்துக்காகச் சிறந்த நடிகை விருதைப் பெற்றார். அந்தப் படத்தை முன்பே பார்த்திருப்பது அவசியம். ஏனெனில் அடுத்து வரும் இரண்டு படங்களைப் பார்த்து முடித்ததும், பெட்டி டேவிஸையும் குளோரியா ஸ்வான்சனையும் தாண்டி இவருக்கு எப்படி விருது கிடைத்தது என்ற கேள்வி உங்களுக்குள் எழும். ஹாலிடேயின் நடிப்பை ஏற்கெனவே பார்த்தவர்தான் அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேட முடியும்.

'ஆல் அபவுட் ஈவ்' 14 பரிந்துரைகளைப் பெற்று ஆறு விருதுகளை வென்றது. நாடக மேடையின் மூத்த நடிகையை அண்டி வந்து, அவருடைய இடத்தையே பறிக்கும் இளம்பெண்ணின் கதை அது. பெட்டி டேவிஸ், ஆன் பேக்ஸ்டர் இருவரும் முதன்மை நடிகைக்கும், செலஸ்டே ஹோம், தெல்மா ரிட்டர் இருவரும் துணை நடிகைக்கும் பரிந்துரைக்கப்பட்டனர். நால்வரில் ஒருவரும் வெல்லவில்லை. ஒரே படத்தின் இரு நடிகைகள் ஒரே பிரிவில் நின்றதால் வாக்குகள் பிரிந்துவிட்டன என்பது பலரும் முன்வைக்கும் விளக்கம். இப்படத்தைப் பார்க்கும்போது உரையாடல்களின் நீளத்தைக் கவனியுங்கள். ஜோசஃப் மேன்கிவிச் எழுதி இயக்கிய இப்படத்தில், கேமரா பெரும்பாலும் ஒதுங்கி நின்று நடிகர்களைப் பேசவிடுகிறது. அவர் 1949, 1950 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும் இயக்கம், திரைக்கதை ஆகிய இரண்டு விருதுகளையும் பெற்றவர்.

'சன்செட் பூலவார்ட்' படத்தைக் கடைசிக்கு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த ஒரு படத்திலிருந்து பல கதவுகள் திறக்கின்றன. பேசும் படம் வந்தபின் மறக்கப்பட்ட மௌனப்பட நட்சத்திரமாக நடித்த ஸ்வான்சன் உண்மையிலேயே மௌனப்பட நட்சத்திரமாக இருந்தவர். அவருடைய பணியாளராக நடித்த எரிக் வான் ஸ்ட்ரோஹைம் உண்மையிலேயே மௌனப்படக் காலத்தின் பெரிய இயக்குநர். படத்துக்குள் அவர்கள் திரையிட்டுப் பார்க்கும் பழைய படம், ஸ்ட்ரோஹைம் இயக்கி ஸ்வான்சன் நடித்து முடிவடையாமல் போன 'குவீன் கெல்லி'யின் ஒரு பகுதி. சீட்டாடும் காட்சியில் பஸ்டர் கீட்டன் வந்து அமர்கிறார். செசில் பி. டிமில் தாமாகவே தோன்றி, 'சாம்சன் அண்ட் டிலைலா' படப்பிடிப்புத் தளத்தில் ஸ்வான்சனை வரவேற்கிறார். அந்தப் படமும் இதே ஆண்டின் ஆஸ்கர் பட்டியலில் உள்ளது. வண்ணப் படத்துக்கான ஆடை வடிவமைப்பு விருதைப் பெற்ற குழுவில் ஈடித் ஹெட் இருந்தார். 'ஆல் அபவுட் ஈவ்' படத்தின் ஆடைகளுக்காக, கருப்பு-வெள்ளைப் பிரிவிலும் அதே இரவில் அவருக்கு விருது கிடைத்தது. 'சன்செட் பூலவார்ட்' படத்தில் ஸ்வான்சனுக்கு ஆடை வடிவமைத்தவரும் அவரே. இவ்வாறு ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரே ஆண்டின் மூன்று படங்களுக்கிடையே சென்று வர முடிகிறது என்பதைக் கண்டுகொள்ளும்போதுதான், பட்டியல் என்பது பெயர்களின் அடுக்கு என்ற நிலை மாறி, ஒரே வட்டாரத்தில் வேலை செய்த மனிதர்களின் உலகமாகத் தெரியத் தொடங்குகிறது.

ஐந்தையும் முடித்தபின், அந்த ஆண்டின் பிற பிரிவுகளிலிருந்து ஒரு படத்தையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். 1950-க்கு அது சந்தேகமின்றி 'த தேர்ட் மேன்'தான். போரில் சிதைந்த வியன்னாவில் கரோல் ரீட் இயக்கிய இந்தப் பிரிட்டிஷ் படம், சிறந்த படத்துக்கான ஐந்தில் இல்லை. ஆனால் ராபர்ட் கிராஸ்கருக்குக் கருப்பு-வெள்ளை ஒளிப்பதிவு விருதைப் பெற்றுத் தந்தது. ஒளிப்பதிவு விருது 1939 முதல் 1966 வரையிலான படங்களுக்கு, 1957 நீங்கலாக, கருப்பு-வெள்ளை, வண்ணம் என இரண்டாக வழங்கப்பட்டதால், அந்தக் காலப் பட்டியலில் கருப்பு-வெள்ளை ஒளிப்பதிவின் உச்சங்கள் தனியாகத் திரட்டப்பட்டுக் கிடக்கின்றன. சாய்ந்த கோணங்களும், ஈரத் தெருக்களில் நீளும் நிழல்களும், ஆன்டன் காரஸ் ஸிதர் என்னும் தந்திக் கருவியில் வாசித்த இசையும் சேர்ந்த இந்தப் படத்தைத் தேடும்போது, 104 நிமிடங்கள் ஓடும் பிரிட்டிஷ் வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். அமெரிக்காவில் வெளியிட்டபோது அதை 93 நிமிடங்களாக வெட்டிவிட்டனர்.

கருப்பு-வெள்ளைப் படங்கள் இன்னும் பழகாதவர்கள் 1975-இலிருந்து தொடங்கலாம். 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்', 'பாரி லிண்டன்', 'டாக் டே ஆஃப்டர்நூன்', 'ஜாஸ்', 'நாஷ்வில்' என்ற அந்த ஐந்தில் வீணான படம் ஒன்றுகூட இல்லை.

விடுபட்டவற்றைத் தேடிச் செல்லுதல்

ஒவ்வோர் ஆண்டின் பட்டியலுக்கும் அருகில், அந்த ஆண்டில் வெளியாகி விருதுக்காரர்களின் கண்ணில் படாமல் போன ஒரு படத்தை வைத்துப் பார்ப்பது அடுத்த வேலை. ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' 1958-இல் கலை இயக்கம், ஒலி ஆகிய இரண்டு பரிந்துரைகளோடு நின்றுவிட்டது. 2012-இல் சைட் அண்ட் சவுண்ட் இதழ் விமர்சகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் அதுவே முதலிடம் பெற்றது. 'சிங்கின் இன் த ரெய்ன்' 1952-இல் இரண்டு பரிந்துரைகளைப் பெற்று இரண்டிலும் தோற்றது. சார்ல்ஸ் லாட்டன் இயக்கிய ஒரே படமான 'த நைட் ஆஃப் த ஹண்டர்' 1955-இலும், ஜான் ஃபோர்டின் 'த சர்ச்சர்ஸ்' 1956-இலும் ஒரு பரிந்துரைகூடப் பெறவில்லை. ஹிட்ச்காக் ஐந்து முறை இயக்குநர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட வெல்லவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விடுபட்ட படத்தின் மீதுள்ள அன்பு, வென்ற படத்தின் மீதான வெறுப்பாக மாறிவிடக் கூடாது. 1941-இல் 'சிட்டிசன் கேன்' ஒன்பது பரிந்துரைகளைப் பெற்று, திரைக்கதைக்கு மட்டும் விருது பெற்றது. சிறந்த படமாக ஜான் ஃபோர்டின் 'ஹவ் கிரீன் வாஸ் மை வேலி' தேர்வானது. அந்த ஒரே காரணத்துக்காக ஃபோர்டின் படத்தைப் பார்க்காமலேயே இகழ்பவர்கள் இருக்கிறார்கள். வேல்ஸ் நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் குடும்பம் ஒன்று சிதறிப்போவதைச் சொல்லும் அந்தப் படம் தன்னளவில் ஆழமானது. இரண்டையும் ஒரே வார இறுதியில் பாருங்கள். நினைவிலிருந்து ஒரு வாழ்க்கையைத் திரும்பக் கட்டியெழுப்புவதே இரண்டு படங்களும் மேற்கொள்ளும் வேலை. ஒன்று அதை ஐயத்தோடு செய்கிறது, மற்றொன்று பாசத்தோடு செய்கிறது. போருக்குள் நுழைந்து கொண்டிருந்த ஒரு நாட்டின் திரைத்துறையினர் இரண்டாவதை நாடியதில் வியப்பொன்றுமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

புதிய படத்திலிருந்து பழைய படத்துக்கு

ஜனவரியில் பரிந்துரைகள் வந்ததும், வழி எதிர்த்திசையிலும் திறக்கிறது. வாக்குத் திரட்டும் மாதங்களில் இயக்குநர்களும் ஒளிப்பதிவாளர்களும் நீண்ட நேர்காணல்களை அளிக்க வேண்டியுள்ளது. அவற்றில் தாங்கள் எந்தப் பழைய படங்களைப் பார்த்து ஊக்கம் பெற்றோம் என்பதை விரிவாகச் சொல்கிறார்கள். விருதுப் பிரசாரத்தால் ரசிகருக்குக் கிடைக்கும் மிகப்பெரிய நன்மை இதுதான். 'பாரசைட்' விருதுகளைக் குவித்த பருவத்தில், கொரிய இயக்குநர் கிம் கி-யங்கின் 1960-ஆம் ஆண்டுப் படமான 'த ஹவுஸ்மெய்ட்' தமக்கு அளித்த ஊக்கத்தைப் பற்றி போங் ஜூன்-ஹோ பேசினார். 'லா லா லேண்ட்' படத்தைப் பார்த்தவர்கள் அதன் வழியே ஜாக் டெமி இயக்கிய 'த அம்பரெல்லாஸ் ஆஃப் ஷேர்பூர்' படத்தை வந்தடைந்தார்கள். பரிந்துரைக்கப்பட்ட பத்துப் படங்களின் இயக்குநர்களும் குறிப்பிடும் பழைய படங்களிலிருந்து தலா ஒன்றை எழுதி வைத்துக்கொண்டால், விழா வரையிலான வாரங்களுக்கு அதுவே போதுமான பட்டியலாக அமைந்துவிடும். புதிய படத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும் முன்பே அதன் மூதாதையைப் பார்த்துவிடுவதும் நல்லதே.

வீட்டில் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை

பழைய படம் சலிப்பூட்டுகிறது என்று சொல்பவர்களில் பலர் உண்மையில் மோசமான பிரதியையோ, தவறான அமைப்பில் உள்ள தொலைக்காட்சியையோதான் பார்த்திருக்கிறார்கள். முதலில் திரை அளவைச் சரிசெய்ய வேண்டும். 1932-இலிருந்து 1950-களின் தொடக்கம் வரை வந்த ஹாலிவுட் படங்கள் ஏறக்குறையச் சதுரத்தை நெருங்கிய, 1.37-க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. எனவே அகன்ற தொலைக்காட்சியில் இருபுறமும் கருப்புப் பட்டை தெரிவதே முறை. அந்தப் பட்டைகளைப் போக்கப் படத்தை இழுத்து விரித்தால் முகங்கள் சப்பையாகும். பெரிதாக்கினால் தலையும் காலும் வெட்டுப்படும். தொலைக்காட்சிக்குப் போட்டியாக 1953-இல் 'த ரோப்' படத்தின் மூலம் சினிமாஸ்கோப் வந்த பின்னரே அகன்ற சட்டகம் பரவியது. அத்தகைய படங்களில் மேலும் கீழும் பட்டை தெரியும். அதையும் அப்படியே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது, அசைவுகளை வழுவழுப்பாக்கும் வசதி. திரைப்படங்கள் நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற வேகத்தில் எடுக்கப்படுகின்றன. இன்றைய தொலைக்காட்சிகள் இடையில் செயற்கைச் சட்டகங்களைச் செருகி, எல்லாப் படங்களையும் தொலைக்காட்சித் தொடர் போலக் காட்டிவிடுகின்றன. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் என்று அதற்குப் பல பெயர்கள் உண்டு. அதை அணைத்துவிடுங்கள். ஃபிலிம்மேக்கர் மோட் என்ற அமைப்பு உங்கள் தொலைக்காட்சியில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதே போதும். கருப்பு-வெள்ளைப் படத்துக்கு அறை விளக்கை அணைப்பது கட்டாயம். நிழல்களுக்குள் இருக்கும் விவரங்கள் வெளிச்சத்தில் தெரிவதில்லை. பின்னாளில் வண்ணம் பூசப்பட்ட பிரதிகளைத் தவிர்த்துவிடுங்கள். ஒளிப்பதிவாளர் சாம்பல் நிறத்தின் படிநிலைகளை எண்ணியே ஒளியமைத்திருப்பார். ஆங்கில வசனங்களின் அக்கால வேகமும் உச்சரிப்பும் பிடிபடவில்லை என்றால், சப்டைட்டிலோடு பார்ப்பதில் எந்தக் குறையும் இல்லை.

'பென்ஹர்', 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' போன்ற மூன்றரை மணி நேரப் படங்களில் தொடக்க இசையும் இடைவேளையும் படத்தின் பகுதியாகவே அமைக்கப்பட்டவை. தொடக்கத்தில் இசை மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நிமிடங்களைத் தாண்டி ஓடவிடாமல், விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள். இடைவேளை வரும் இடத்தில் நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். அப்படங்கள் அந்த மூச்சுக்காகவே இரண்டு பாதிகளாகக் கட்டப்பட்டுள்ளன.

கடினமான பகுதிகளை நேராகப் பார்த்தல்

பழைய ஹாலிவுட்டை நேசிப்பவர் அதன் அநீதிகளையும் அறிந்திருக்க வேண்டும். 'கான் வித் த விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹேட்டி மெக்டேனியல், ஆஸ்கர் வென்ற முதல் கறுப்பினத்தவர். 1940-இல் விருது வழங்கப்பட்ட ஹோட்டல் அரங்கில், அவர் தம் படக்குழுவினரோடு அமர அனுமதிக்கப்படாமல் சுவரோரமாக ஒரு தனி மேசையில் அமர்த்தப்பட்டார். அடிமைமுறையை இனிய நினைவாகக் காட்டும் அந்தப் படத்தையும், அதில் அவர் கொண்டுவரும் உயிர்ப்பையும் ஒருசேர மனத்தில் வைத்துப் பார்ப்பது எளிதன்று. ஆனால் அதைச் செய்தே ஆக வேண்டும். இத்தகைய படங்களைக் குழந்தைகளோடு பார்ப்பதானால், தொடங்கும் முன் இந்த வரலாற்றைச் சொல்லிவிடுவது பெரியவர்களின் கடமை.

தணிக்கை விதிகளையும் தெரிந்து கொள்ளுங்கள். 1934-இன் நடுப்பகுதியிலிருந்து 1968 வரை ஹாலிவுட் தனக்குத்தானே விதித்துக்கொண்ட ஒழுக்க விதிகள் நடைமுறையில் இருந்தன. குற்றம் செய்தவர் தண்டனை பெற வேண்டும், திருமண உறவு இழிவுபடுத்தப்படக் கூடாது என்பவை போன்ற கட்டுப்பாடுகளால், சொல்ல விரும்பியதைச் சைகையாகவும் மௌனமாகவும் வசனத்தின் உள்ளர்த்தமாகவும் வைத்தார்கள். ஒரு காட்சி எதிர்பாராத இடத்தில் முடிந்து கதவு சாத்தப்படும்போது, அங்கே என்ன சொல்லாமல் விடப்பட்டது என்று கேட்டுப் பழகினால் அக்காலப் படங்களின் நுட்பம் பன்மடங்காகத் தெரியும்.

உங்கள் வாக்குச்சீட்டு

வீட்டிலோ நண்பர்களிடையிலோ நான்கைந்து பேர் சேர்ந்து ஓர் ஆண்டின் ஐந்து படங்களைப் பார்த்து முடித்தபின், அகாடமியின் முறையிலேயே வாக்கெடுப்பு நடத்தலாம். சிறந்த படத்துக்கு மட்டும், உறுப்பினர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாக எல்லாப் படங்களையும் முதலிடம், இரண்டாமிடம் என வரிசைப்படுத்துகிறார்கள். முதலிட வாக்குகளில் பாதிக்கு மேல் எந்தப் படமும் பெறவில்லை என்றால், மிகக் குறைவாகப் பெற்ற படத்தை நீக்கிவிட்டு, அதற்கு முதலிடம் தந்தவர்களின் சீட்டுகளை அவர்களுடைய அடுத்த தேர்வுக்கு மாற்றுகிறார்கள். ஒரு படம் பாதியைத் தாண்டும் வரை இது தொடர்கிறது. இந்த முறை 2009-இன் படங்களிலிருந்து மீண்டும் நடைமுறையில் உள்ளது. சிலர் வெறித்தனமாக நேசித்துப் பலர் ஒதுக்கும் படத்தைவிட, எல்லோரும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ விரும்பும் படம் இதில் முன்னேற வாய்ப்பு அதிகம். 1950-இன் ஐந்து படங்களுக்கு இதை ஒருமுறை செய்து பார்த்தவருக்கு, இந்த ஆண்டின் முடிவு ஏன் அப்படி அமைந்தது என்பதை விளக்க எந்த ஊகக் கட்டுரையும் தேவைப்படாது.

சீட்டில் பெயரை எழுதுவதோடு, ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரு காட்சியைக் குறிப்பிட்டு அதைத் தேர்ந்ததற்கான காரணத்தை இரண்டு வரிகளில் எழுதச் சொல்லுங்கள். வாக்கைவிட இந்த வரிகளே பின்னர் நீண்ட உரையாடலுக்கு இடம் தரும்.

விழா நாளும் அதன் பிறகும்

அமெரிக்காவில் ஞாயிறு மாலை நடக்கும் விழா நமக்குத் திங்கட்கிழமை அதிகாலையில் வருகிறது. வேலை நாள் என்பதால் முழுவதும் பார்க்க இயலாதவர்கள், மறைந்தவர்களை நினைவுகூரும் பகுதியை மட்டுமாவது தவறவிடாமல் பாருங்கள். அதில் வரும் பெயர்களில் உங்களுக்குத் தெரியாத ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், கலை இயக்குநர் எவரேனும் இருந்தால் குறித்துக்கொண்டு, அடுத்து வரும் வாரங்களில் அவர்கள் பணியாற்றிய படங்களில் ஒன்றைப் பாருங்கள்.

வாழ்நாள் பங்களிப்புக்கான கௌரவ விருதுகள் 2009 முதல், பெரும்பாலும் நவம்பரில், தனி விழாவாக வழங்கப்படுவதால், முதன்மை விழாவில் பழைய கலைஞர்கள் மேடையேறும் காட்சிகள் குறைந்துவிட்டன. அது ஓர் இழப்பு என்றே நான் கருதுகிறேன். அந்தக் குறையை அகாடமி இணையத்தில் வெளியிட்டுள்ள பழைய காணொளிகளால் ஈடுசெய்யலாம். இருபது ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவுக்குத் திரும்பிய சாப்ளினுக்கு 1972-இல் அரங்கம் எழுந்து நின்று நீண்ட நேரம் கைதட்டியதையும், 1992-இல் கல்கத்தா மருத்துவமனைப் படுக்கையிலிருந்து சத்யஜித் ராய் தம் கௌரவ விருதைக் கையில் பிடித்தபடி பேசியதையும், 1998-இல் 'சிங்கின் இன் த ரெய்ன்' படத்தின் இயக்குநர்களில் ஒருவரான ஸ்டான்லி டோனன் அந்தச் சிலையைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு மேடையில் ஆடியதையும் பாருங்கள். 2009-இல் இரண்டு விருதுகளைப் பெற்ற ஏ. ஆர். ரஹ்மான், அந்த மேடையில் தமிழில் இறைவனுக்கு நன்றி சொன்னதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். ராயின் விருது உரையைப் பார்த்தபின் அவருடைய படங்களில் ஒன்றைப் பார்க்காமல் இருக்க முடியாது.

விழா முடிந்த வாரத்திலேயே அடுத்த பருவத்துக்கான ஆண்டைத் தேர்ந்துவிடுவது நல்லது. அகாடமியின் விருதுத் தரவுத்தளம் இணையத்தில் எவரும் தேடக்கூடியது. ஆண்டைக் கொடுத்தால் எல்லாப் பிரிவுகளின் பரிந்துரைகளும் கிடைக்கும். அதிலிருந்து சிறந்த படத்துக்கான ஐந்தையும், ஒளிப்பதிவு, இசை, திரைக்கதை ஆகியவற்றிலிருந்து தலா ஒன்றையும், பட்டியலிலேயே இல்லாத ஒன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அரிதான படங்களின் நல்ல பிரதிகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சில மாதங்கள் ஆகக்கூடும். ஆகையால் ஏப்ரலில் தேடத் தொடங்கினால், வெனிஸ் விழா தொடங்குவதற்குள் எல்லாம் கைவசம் இருக்கும்.